44 மணி நேரம்: ரயன் பிரவுன் ஊக்கமருந்து வழக்கு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2011 அக்டோபர் 1, சனிக்கிழமை, மாலை ஏறக்குறைய 5 மணி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கி நகரில், மில்லர் பார்க் மைதானத்தில் உள்ளூர் பேஸ்பால் அணியான புரூவர்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியை 4-1 என்ற கணக்கில் வென்றிருந்தது. ஊக்கமருந்துச் சோதனைக்காகச் சிறுநீர் மாதிரி எடுப்பவர் அன்று மூன்று வீரர்களிடம் மாதிரி எடுத்தார். அவர்களுள் ஒருவர் அணியின் நட்சத்திர வீரர் ரயன் பிரவுன். மாதிரி ஏ, பி என்ற இரண்டு குப்பிகளில் அடைக்கப்பட்டு, பிரித்தால் தெரிந்துவிடும் வகையிலான எண்ணிட்ட முத்திரைகள் ஒட்டப்பட்டன. தம் கண்முன்னால்தான் குப்பிகள் மூடி முத்திரையிடப்பட்டன என்று பிரவுன் படிவத்தில் கையெழுத்திட்டார். குப்பிகள் ஒரு நெகிழிப் பைக்குள்ளும், பை ஓர் அட்டைப் பெட்டிக்குள்ளும் போயின. பெட்டியின் வாயிலும் அதே எண்ணுள்ள முத்திரை ஒட்டப்பட்டது. வீரரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. மூன்று வீரர்களின் பெட்டிகளும் ஃபெடெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் ஒரே உறைக்குள் வைக்கப்பட்டன.

அந்த உறை ஃபெடெக்ஸ் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது திங்கட்கிழமை பிற்பகல் 1:30 மணிக்கு. இடைப்பட்ட 44 மணி நேரமும் அது மாதிரி எடுத்தவரின் வீட்டு அடித்தளத்தில் இருந்தது. குப்பிக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டு, குப்பி எங்கே இருந்தது என்பதே வழக்காக மாறியது இங்கிருந்துதான்.

பிரவுன் சாதாரண வீரர் அல்லர். 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பிறந்து, மயாமி பல்கலைக்கழக அணியில் ஆடி, 2005ஆம் ஆண்டுப் புதிய வீரர்கள் தேர்வில் ஐந்தாவது ஆளாகப் புரூவர்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். 2007இல், அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீகின் இரு கிளைகளுள் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருதைப் பெற்றார். 2011 ஏப்ரலில், 2020 வரை அணியிலேயே இருக்கும்படி, ஐந்து ஆண்டுகளுக்கு 10.5 கோடி டாலர் கூடுதல் ஒப்பந்தம் அவருடன் போடப்பட்டது. அந்த ஆண்டு அவருடைய மட்டைச் சராசரி .332; அதாவது ஆயிரம் வாய்ப்புகளில் 332 முறை அடித்து வெற்றிகரமாகத் தளத்தை எட்டும் விகிதம். கிரிக்கெட் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நம் பழக்கத்துக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றும்; ஆனால் பேஸ்பாலில் .300 தாண்டுவதே பெரிய காரியம். 33 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்), 33 தளத் திருட்டு (பந்து வீசப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது), 1982க்குப் பிறகு முதன்முறையாகப் புரூவர்ஸுக்குப் பிரிவுப் பட்டம். நவம்பர் 22ஆம் தேதி லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாம் இடம் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வீரர் மேட் கெம்ப் 39 ஹோம் ரன் அடித்திருந்தார்.

விருது அறிவிக்கப்பட்ட அன்று வாக்களித்த பத்திரிகையாளர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி பிரவுனுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மாதிரி தேறவில்லை என்று அக்டோபரிலேயே அவருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது.

சோதனை என்ன சொன்னது என்பதைச் சற்று விளக்க வேண்டும்; பின்னால் நடந்த வாதங்களின் எடையை அது இல்லாமல் மதிப்பிட முடியாது. மனித உடலில் டெஸ்டோஸ்டிரோன் இயற்கையாகவே சுரக்கிறது. ஆகவே சிறுநீரில் அது இருப்பது குற்றமாகாது. அதனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு பொருளும் சுரக்கிறது. பெரும்பாலான ஆண்களிடம் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொண்டால் முதலாவது மட்டும் உயரும், இரண்டாவது உயராது; விகிதம் சாய்ந்துவிடும். 4-க்கு 1 என்பது ஐயத்துக்குரிய எல்லை. பிரவுனின் மாதிரியில் அது 20-க்கு 1-க்கும் மேல் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. விகிதம் ஓர் அறிகுறி மட்டுமே என்பதால் மாதிரியைச் சோதித்த மான்ட்ரியல் ஆய்வகம் இரண்டாவது சோதனைக்குப் போனது. செயற்கை டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் சேர்மானம், மனித உடல் தானே உண்டாக்கும் டெஸ்டோஸ்டிரோனின் சேர்மானத்திலிருந்து வேறுபட்டிருக்கும். அந்த வேறுபாட்டை அளக்கும் சோதனையில், வெளியிலிருந்து வந்த டெஸ்டோஸ்டிரோன் இருப்பது தெரிந்தது.

இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமானது. மாதிரி கெட்டுப்போனாலோ, நுண்ணுயிர்கள் பெருகினாலோ விகிதத்தில் ஏதேனும் மாற்றம் வரலாம் என்று வாதிட இடமுண்டு. அடித்தளத்தில் இரண்டு நாள் கிடந்த சிறுநீரில் தாவரத்தின் கார்பன் முத்திரை தானாக முளைத்துவிடாது. யாரேனும் குப்பியைத் திறந்து, மருந்தைக் கலந்து, முத்திரையைப் பழையபடி ஒட்டியிருந்தால்தான் அது நிகழும். முத்திரைகள் குலையாமல் மாதிரி வந்து சேர்ந்தது என்பது மாதிரி எடுத்தவர் தரப்பின் உறுதியான நிலைப்பாடு.

அன்றைய விதிப்படி முதல் முறை பிடிபட்டால் 50 ஆட்டத் தடை, இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை வாழ்நாள் தடை. வீரர் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை எல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும். இந்த ரகசியம் காக்கப்படவில்லை. டிசம்பர் 10ஆம் தேதி ஈஎஸ்பிஎன் நிறுவனம் செய்தியை வெளியிட்டது. மேல்முறையீட்டில் வென்றால் பெயரே வெளிவராமல் போயிருக்க வேண்டிய வீரர், விசாரணைக்கு முன்பே குற்றவாளியாகப் பேசப்பட்டார். பிரவுனின் குறைகளுள் நியாயமானது என்று நான் ஐயமின்றி ஒப்புக்கொள்ளும் குறை இது ஒன்றுதான்.

2012 ஜனவரியில் நியூயார்க்கில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. நடுவர் குழுவில் மூவர். மேஜர் லீக் நிர்வாகத்தின் சார்பில் ராப் மேன்ஃபிரெட், வீரர் சங்கத்தின் சார்பில் மைக்கேல் வைனர், இரு தரப்புக்கும் பொதுவான நடுவராக ஷியாம் தாஸ். அமைப்பே அப்படி என்பதால் முதல் இருவரும் தத்தம் தரப்புக்கே வாக்களிப்பார்கள். முடிவு பொது நடுவரின் கையில்தான் இருந்தது.

பிரவுனின் வழக்கறிஞர்கள் வேதியியலுடன் மல்லுக்கட்டுவதை முதன்மை வாதமாக்கவில்லை. அவர்கள் விதியைக் கையில் எடுத்தார்கள். அசாதாரணமான சூழல் இருந்தாலொழிய, மாதிரி எடுக்கப்பட்ட அன்றே ஃபெடெக்ஸ் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது மேஜர் லீகும் வீரர் சங்கமும் கையெழுத்திட்ட ஊக்கமருந்துத் தடுப்புத் திட்டத்தின் வாசகம். மைதானத்துக்கு அருகிலேயே இரவு 9 மணிவரை திறந்திருக்கும் ஃபெடெக்ஸ் கிளைகள் பல இருந்தன, 24 மணி நேரக் கிளையும் இருந்தது என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். கிளை திறந்திருப்பது வேறு, பொதி அன்றே புறப்படுவது வேறு என்பது எதிர்த்தரப்பின் விடை. சனிக்கிழமை மாலை கொடுத்தாலும் ஞாயிறன்று அது நகரப்போவதில்லை. யாரோ ஒரு கடையின் அலமாரியில் கிடப்பதைவிட மாதிரி எடுத்தவரின் பொறுப்பில் இருப்பதே பாதுகாப்பு என்பதே சோதனை நிறுவனம் 2005 முதல் தன் ஊழியர்களுக்குச் சொல்லிவந்த நடைமுறை. உடனே அனுப்பாத மாதிரியைக் குளிர்ச்சியான, பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்ற வாசகமும் அதே திட்டத்தில் இருந்தது. எழுதிய விதி ஒன்று, புழங்கிய வழக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளிக்குள் வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள்.

பிப்ரவரி 23ஆம் தேதி 2-1 என்ற வாக்கில் தடை ரத்தானது. மேஜர் லீக் வீரர் ஒருவர் ஊக்கமருந்து மேல்முறையீட்டில் வென்றதாகப் பொதுவெளிக்குத் தெரியவந்த முதல் நிகழ்வு அது. மேஜர் லீக் நிர்வாகம் தன் கடும் மறுப்பை அறிக்கையாகவே வெளியிட்டது. மே மாதத்தில், 1999 முதல் அப்பொறுப்பில் இருந்த தாஸ் நீக்கப்பட்டார். அவரை வைத்துக்கொள்வதும் விலக்குவதும் இரு தரப்பில் எதற்கும் உள்ள உரிமை என்பதால் நிர்வாகம் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தலைவர் டிராவிஸ் டைகார்ட் இத்தீர்ப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பொருந்தும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில் நடைமுறைப் பிழை மட்டும் வீரரைக் காப்பாற்றாது. அந்தப் பிழையே சோதனை முடிவுக்குக் காரணமாகியிருக்கக் கூடும் என்பதை வீரர் முதலில் நியாயமான அளவில் காட்ட வேண்டும். காட்டினால்தான் சுமை எதிர்த்தரப்புக்கு மாறும். அந்த அளவுகோலில் பிரவுனின் வழக்கு நின்றிருக்குமா என்பது ஐயமே.

ஆனாலும் தாஸின் முடிவைத் தவறு என்று சொல்ல நான் தயங்குகிறேன். ஒருவரின் வாழ்க்கைத் தொழிலையே நிறுத்திவைக்கும் அதிகாரம் ஒரு திட்டத்துக்கு இருக்கிறது என்றால், அத்திட்டம் தன் சொந்த வாசகத்தை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையில்லை. அன்றே அனுப்பு என்று எழுதிவைத்துவிட்டு, திங்கட்கிழமை அனுப்பினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று பிறகு சொன்னால், வாசகத்தை எழுதியது எதற்கு? அந்தப் பொறுப்பு வாசகத்தை எழுதிய இரு தரப்பையும், வேறு நடைமுறையைக் கற்றுக்கொடுத்த நிறுவனத்தையும் சேரும். சனிக்கிழமை மாலை தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி நடந்துகொண்ட ஒரு தனிமனிதரைச் சேராது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். மறுநாள் நோகடிக்கப்பட்டது அம்புதான்.

பிப்ரவரி 24ஆம் தேதி, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், புரூவர்ஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சி முகாமான மேரிவேல் மைதானத்தின் புல்தரையில் நின்று பிரவுன் செய்தியாளர்களிடம் பேசினார். நடைமுறை மீறப்பட்டது, ஆகவே தடை செல்லாது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்த வழக்கு விதிப்புத்தகத்தின் அடிக்குறிப்பாக முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அந்தப் பொருள் தம் உடலுக்குள் ஒருபோதும் போகவில்லை என்பதற்குத் தம் உயிரையே பந்தயம் வைப்பதாகச் சொன்னார். உண்மை தம் பக்கம் இருப்பதாகச் சொன்னார். மாதிரி எடுத்தவரைப் பற்றியும், அது எடுக்கப்பட்ட முறை பற்றியும் தாங்கள் அறிந்துகொண்ட பல செய்திகள், உண்மையில் என்ன நடந்திருக்கக்கூடும் என்ற பெருத்த சந்தேகத்தைத் தங்களுக்கு எழுப்பின என்றும் சொன்னார். ஒரு குற்றச்சாட்டைச் சொல்லாமல் சொல்லும் வாக்கியம் இது. முத்திரையை உடைத்தார் என்று சொல்லவில்லை; உடைத்திருக்கலாம் என்று கேட்டவர் நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். நடுவர் குழு அப்படி ஒரு முடிவை அறிவிக்கவில்லை. மாதிரி கலப்படம் செய்யப்பட்டது என்பதற்கான சான்று எதுவும் வெளியானதும் இல்லை.

நான்கு நாள் கழித்து, மாதிரி எடுத்த அந்த மனிதர் அறிக்கை வெளியிட்டார். அதற்குள் அவருடைய பெயரும் வீடும் ஊரறிந்திருந்தன. மூத்த வழக்கறிஞர்களின் சொற்சிலம்பங்கள் நிறைந்த இந்த வழக்கில், கண்முன் காட்சியாக விரியும் ஒரே ஆவணம் அந்த அறிக்கைதான். 2005 முதல் இப்பணியில் இருப்பதாகவும், மேஜர் லீகுக்காக மட்டும் 600க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுத்திருப்பதாகவும் அவர் அதில் தெரிவித்தார். வீடு வந்ததும் உறையைத் தம் அலுவலக அறையில் ஒரு ரப்பர்மெய்ட் டப்பாவுக்குள் வைத்தார். அந்த அறை அடித்தளத்தில் இருக்கிறது. மாதிரியை வைக்கும் அளவுக்குக் குளிர்ச்சியானது. அந்நேரத்தில் வீட்டில் தம் மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை. இதற்கு முன்பும் சில முறை இப்படி வீட்டில் வைத்திருக்க நேர்ந்ததுண்டு, ஒரு சிக்கலும் வந்ததில்லை. எந்த நிலையிலும் மாதிரியில் தாம் கை வைக்கவில்லை. உறையிலிருந்து பெட்டிகளை வெளியே எடுக்கவேயில்லை.

அந்த டப்பாவுக்குள் பிரவுனின் மாதிரி மட்டும் இருக்கவில்லை, மற்ற இரண்டு வீரர்களின் பெட்டிகளும் அதே 44 மணி நேரம் அங்கேதான் இருந்தன என்பதைப் பலரும் கவனிக்கத் தவறினார்கள். அவற்றில் கோளாறு கண்டதாகச் செய்தி இல்லை. பெட்டிகளின் மேல் பெயரும் இல்லை.

பிரவுனை நம்பியவர்களில் அவருடைய நண்பரும், கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமுமான ஆரோன் ராட்ஜர்ஸும் ஒருவர். பிரவுன் குற்றமற்றவர் என்பதற்கு அடுத்த ஆண்டுச் சம்பளத்தையே பந்தயமாக வைப்பேன் என்ற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். 2012 பருவத்தில் பிரவுன் 41 ஹோம் ரன் அடித்து, விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். மருந்தில்லாமலும் ஆட முடிகிறதே என்று ஆதரவாளர்கள் பேசினார்கள்.

குட்டு வெளிப்பட்டது முற்றிலும் வேறொரு திசையிலிருந்து. 2013 ஜனவரி இறுதியில் மயாமி நியூ டைம்ஸ் என்ற வார இதழ், ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸ் பகுதியில் இயங்கி மூடப்பட்ட பயோஜெனிசிஸ் என்ற மருத்துவ நிலையத்தின் கணக்குக் குறிப்பேடுகளை வெளியிட்டது. அதை நடத்தியவர் டோனி பாஷ். முதுமையைத் தள்ளிப்போடும் சிகிச்சை என்பது பெயர்ப்பலகை. விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்துகளை விற்பது உள்ளே நடந்த வியாபாரம். பிப்ரவரி தொடக்கத்தில் யாஹூ ஸ்போர்ட்ஸ் அந்த ஆவணங்களில் பிரவுனின் பெயரும் இருப்பதாகச் செய்தி வெளியிட்டது. வரவேண்டிய பணம் என்ற தலைப்பின்கீழ், 20 முதல் 30 ஆயிரம் டாலர் என்ற குறிப்புடன் அவருக்கான பதிவு இருந்தது.

பிரவுனின் விளக்கம் உடனே வந்தது. மேல்முறையீட்டுக்குத் தயாராகும்போது தம் வழக்கறிஞர்கள் பாஷைத் தொழில்நுட்ப ஆலோசகராகப் பயன்படுத்தினார்கள். டெஸ்டோஸ்டிரோன் விகிதம் பற்றியும், மாதிரியில் கலப்படம் செய்யும் வாய்ப்புகள் பற்றியும் அவர் விளக்கமளித்தார். கட்டணத்தில் தகராறு வந்ததால்தான் கடன் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இதைவிடச் சிரமப்பட்ட முயற்சியை நான் படித்ததில்லை. தம்மேல் சுமத்தப்பட்ட மருந்துக் குற்றச்சாட்டை மறுப்பதற்கு, மருந்து விற்றவரிடமே யோசனை கேட்டதாக அந்த விளக்கம் ஒப்புக்கொள்கிறது.

மார்ச் மாதத்தில் மேஜர் லீக் நிர்வாகம் பயோஜெனிசிஸ் மீது வழக்குத் தொடுத்தது. சில மாதங்களில் பாஷ் ஒத்துழைக்க முன்வந்தார். அதன்பின் காட்சி மாறியது. ஜூன் இறுதியில் நிர்வாகத்தின் விசாரணைக்கு வந்த பிரவுன் மருந்து தொடர்பான கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்ததாகச் செய்திகள் வந்தன. ஜூலை 22ஆம் தேதி, பருவத்தில் எஞ்சியிருந்த 65 ஆட்டங்களுக்கும் சம்பளமின்றித் தடை விதிக்கப்பட்டது. இம்முறை மேல்முறையீடு இல்லை. தாம் குறையற்றவர் அல்லர், சில தவறுகள் செய்துவிட்டதை உணர்கிறேன் என்று ஓர் அறிக்கை மட்டும் வந்தது. முப்பது லட்சம் டாலருக்கும் மேல் சம்பளம் போனது. ராட்ஜர்ஸ் தாம் ஏமாற்றப்பட்டதாக வருந்தினார். பந்தயப் பணத்தைப் பற்றிக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி அதே விவகாரத்தில் நெல்சன் குரூஸ் உள்ளிட்ட 12 பேர் தலா 50 ஆட்டத் தடையை ஏற்றனர். நியூயார்க் யாங்கீஸ் வீரர் அலெக்ஸ் ராட்ரிகஸுக்கு விதிக்கப்பட்ட 211 ஆட்டத் தடை பின்னர் நடுவரால் 162ஆகக் குறைக்கப்பட்டது. அது தனியாக எழுதவேண்டிய நீண்ட கதை.

ஆகஸ்ட் 22ஆம் தேதிதான் பிரவுன் வாய்திறந்து ஒப்புக்கொண்டார். 2011 பருவத்தின் பிற்பகுதியில், விடாமல் தொல்லை தந்த ஒரு காயத்திலிருந்து மீள்வதற்காக ஒரு களிம்பையும் வாயில் கரையும் ஒரு மாத்திரையையும் பயன்படுத்தியதாகவும், அவை தடைசெய்யப்பட்டவை என்றும் எழுதினார். 2012 பிப்ரவரியில் தாம் அநீதி இழைக்கப்பட்டவராக உணர்ந்ததாகவும், திரும்பிப் பார்த்தால் தவறு தம்முடையதே என்றும் சொன்னார். மாதிரி எடுத்தவரின் பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் சமாதானமாகிவிட்டதாகக் கூட்டறிக்கை வந்தது. மேரிவேல் புல்தரையில் கேமராக்கள் முன்னால் சொன்னதை அறிக்கைத் தாளில் திரும்பப் பெறுவது சம கணக்காகுமா என்பதை அந்த அடித்தளத்துக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஒப்புதலிலும் ஓர் அளவு கணக்கு இருந்தது. ஒரு காயம், ஒரு களிம்பு, ஒரு மாத்திரை, ஒரு குறுகிய காலம். குப்பியில் கண்டறியப்பட்டதை விளக்கத் தேவையான அளவுக்குமேல் ஒரு சொல்லும் இல்லை. வழக்கறிஞர்களின் கை அதில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

விதிகள் இதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தன. 2012 ஜூனில் மேஜர் லீகும் வீரர் சங்கமும் திட்டத்தைத் திருத்தின: மாதிரியை எடுத்தபின் எப்போது அஞ்சல் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அதுவரை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பவை தெளிவுபடுத்தப்பட்டன. 2014 பருவம் தொடங்குமுன் முதல் தவறுக்கான தடை 50இலிருந்து 80 ஆட்டமாகவும், இரண்டாவதற்கு ஒரு முழுப் பருவமான 162 ஆட்டமாகவும் உயர்ந்தது. அவ்வாறு தடைபெற்றவர் அந்த ஆண்டின் பிந்தைய சுற்று ஆட்டங்களில் ஆடவும் முடியாது என்றானது.

2014 மார்ச் 31ஆம் தேதி பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மில்லர் பார்க்கில் பிரவுன் இறங்கியபோது உள்ளூர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எட்டு நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் ஊளையிட்டார்கள். அன்று அவர் மூன்று ஹோம் ரன் அடித்தார். 2021 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தபோது 352 ஹோம் ரன்களுடன் புரூவர்ஸ் வரலாற்றில் முதலிடத்தில் இருந்தார். 2011 விருது அவரிடமே இருக்கிறது. அதைப் பிரவுனிடமிருந்து பறிக்க வேண்டும் என்று கெம்ப் சொன்னபோதும், வாக்களித்த பத்திரிகையாளர் சங்கம் அதைத் திரும்பப் பெறவில்லை. 2013ஆம் ஆண்டுத் தடை, பொதுவாகத் திட்டத்தை மீறியதற்காக என்றே அறிவிக்கப்பட்டது. மில்வாக்கி வீடொன்றின் ரப்பர்மெய்ட் டப்பாவில் 44 மணி நேரம் இருந்த அந்தக் குப்பிக்கான தண்டனை, ஏட்டின்படி, இன்றும் ரத்துதான்.